விளம்பரம் எங்கே முளைக்கிறது? – கம்ப்யூட்டர் கேள்வி பதில்

கேட்காமலே வந்து நிற்கும் விளம்பரங்களைப் பற்றிய கேள்விகளுக்கு மட்டும் இந்த இதழில் பதில் தருகிறோம்.

கேள்வி: திரையின் வலது கீழ் மூலையில் 'உங்கள் கம்ப்யூட்டரில் 5 வைரஸ்கள்', 'ஆன்டிவைரஸ் சந்தா முடிந்துவிட்டது' என்று ஓயாமல் பெட்டி பெட்டியாக வருகிறது. முழு ஸ்கேன் செய்து பார்த்துவிட்டேன். ஒன்றும் அகப்படவில்லை.

அகப்படாது. ஹார்ட் டிஸ்க்கில் எதுவும் புகவில்லை. ஏதோ ஓர் இணையதளம் உங்களுக்கு நோட்டிஃபிகேஷன் அனுப்ப நீங்களே அனுமதி கொடுத்திருக்கிறீர்கள். 'நீங்கள் ரோபோ இல்லை என்று காட்ட அலவ் அழுத்துங்கள்', 'வீடியோ ஓட அலவ் அழுத்துங்கள்' என்றெல்லாம் கேட்பார்கள். அவசரத்தில் அழுத்திவிடுவோம். அதன்பின் அந்தத் தளத்தை மூடிவிட்டாலும் பிரவுசர் வழியாக அறிவிப்புகள் வந்துகொண்டே இருக்கும். இன்று 'வைரஸ் வந்துவிட்டது' என்று பதறுபவர்கள் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

அந்தப் பெட்டியை உற்றுப் பாருங்கள். பிரவுசரின் பெயரும் அனுப்பும் தளத்தின் முகவரியும் சின்ன எழுத்தில் இருக்கும். குரோமில் செட்டிங்ஸ், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, சைட் செட்டிங்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ் என்று போங்கள். 'அனுமதிக்கப்பட்டவை' பட்டியலில் அந்த முகவரி நிற்கும். பக்கத்திலுள்ள மூன்று புள்ளிகளைத் தொட்டு 'பிளாக்' கொடுங்கள். 'ரிமூவ்' கொடுத்தால் அதே தளம் மறுபடி வந்து கேட்க முடியும், 'பிளாக்' கொடுத்தால் முடியாது. எட்ஜிலும் சைட் பெர்மிஷன்ஸ் பகுதியில் இதே பட்டியல் உண்டு. ஃபயர்ஃபாக்ஸில் பிரைவசி அண்ட் செக்யூரிட்டி பக்கத்தில் பெர்மிஷன்ஸ் என்ற தலைப்பின் கீழ் நோட்டிஃபிகேஷன்ஸ் இருக்கும். அங்கேயே, புதிதாக எந்தத் தளமும் அனுமதி கேட்கக் கூடாது என்று மொத்தமாக அடைத்துவிடலாம். மெயில், சாட் போன்ற இரண்டு மூன்று தளங்களைத் தவிர வேறு எதற்கும் இந்த அனுமதி தேவைப்படுவதில்லை.

பிரவுசரை மூடிய பின்னும் பெட்டி வருகிறதென்றால், குரோம் செட்டிங்ஸில் சிஸ்டம் பகுதிக்குப் போய், மூடிய பின்னும் பின்னணியில் இயங்க விடும் பொத்தானை அணைத்துவிடுங்கள்.

கேள்வி: கூகுளில் தேடினால் வேறு ஏதோ தேடுபொறிக்குப் போகிறது. காரணமான எக்ஸ்டென்ஷனை (பிரவுசரில் சேர்க்கும் துணைப் புரோகிராம்) நீக்கினால் மறுநாள் திரும்ப வந்துவிடுகிறது. இப்போது நீக்கும் பொத்தானே வேலை செய்யவில்லை. மெனுவின் அடியில் 'உங்கள் நிறுவனம் இதை நிர்வகிக்கிறது' என்று எழுதியிருக்கிறது. இது வீட்டுக் கம்ப்யூட்டர். எந்த நிறுவனம்?

நிறுவனம் எதுவும் இல்லை. அலுவலகங்களில் நூற்றுக்கணக்கான கம்ப்யூட்டர்களை ஒரே இடத்திலிருந்து கட்டுப்படுத்த பிரவுசர்களில் 'பாலிசி' என்றொரு வசதி உண்டு. ஆட்வேர், அதாவது விளம்பரம் காட்டிக் காசு பார்க்கிற புரோகிராம், அதைத் தனக்குச் சாதகமாகப் பயன்படுத்தியிருக்கிறது. எக்ஸ்டென்ஷன் கண்ணுக்குத் தெரிகிற கிளைதான். அதை நட்டுவைக்கிற புரோகிராம் வேறு இடத்தில் இருக்கிறது. அதை விட்டுவிட்டு எக்ஸ்டென்ஷனை எத்தனை முறை நீக்கினாலும் முளைக்கும். ஆகவே இங்கே எதைச் செய்கிறோம் என்பதைவிட எந்த வரிசையில் செய்கிறோம் என்பது முக்கியம்.

முதலில், பிரவுசரின் அமைப்புகளைக் கணக்கில் பிரதி வைக்கும் சிங்க் வசதியை நிறுத்துங்கள். இல்லையென்றால் இங்கே நீக்கிய எக்ஸ்டென்ஷனும் மாற்றிய தேடுபொறியும் உங்கள் கூகுள் கணக்கிலிருந்து மீண்டும் இறங்கிவிடும். 'சுத்தம் செய்தேன், திரும்ப வந்துவிட்டது' என்ற புகார்களுக்கு இதுவும் ஒரு காரணம்.

அடுத்து செட்டிங்ஸ், ஆப்ஸ், இன்ஸ்டால்டு ஆப்ஸ் பட்டியலை நிறுவிய தேதிப்படி வரிசைப்படுத்துங்கள். தொல்லை தொடங்கிய நாளையும் அதற்கு முந்தைய ஓரிரு நாள்களையும் பாருங்கள். ஒரே நாளில் மூன்று நான்கு புரோகிராம்கள் நுழைந்திருந்தால் அவை ஒன்றாகக் கட்டி வந்தவை. நீங்கள் தேடிப்போய் இறக்கியதைத் தவிர மற்றவற்றை நீக்குங்கள். நீக்கும்போது 'உண்மையிலேயே வேண்டாமா, சலுகை தருகிறோம்' என்று பட்டன்களை மாற்றி மாற்றிக் காட்டும். ஒவ்வொரு திரையையும் படித்துவிட்டு அழுத்துங்கள். பழைய கன்ட்ரோல் பேனலின் புரோகிராம்ஸ் பட்டியலையும் ஒருமுறை திறந்து பார்ப்பது நல்லது. அங்கே தயாரிப்பாளர் பெயர் தனி வரிசையில் தெரியும். பெயர் காலியாக இருப்பவற்றைச் சந்தேகப்படுங்கள்.

மூன்றாவது, புரோகிராம்களைக் குறித்த நேரத்தில் தானாக ஓட்டுகிற டாஸ்க் ஷெட்யூலர். ஸ்டார்ட் மெனுவில் அந்தப் பெயரை அடித்தால் வரும். இடப்பக்கம் 'டாஸ்க் ஷெட்யூலர் லைப்ரரி' மீது கிளிக் செய்தால் நடுவில் பட்டியல் தெரியும். ஒவ்வொன்றின் 'ஆக்‌ஷன்ஸ்' தாவலையும் பாருங்கள். விண்டோஸில் கட்டளை அடித்து வேலை வாங்கும் கருவிகளான பவர்ஷெல்லையோ கமாண்ட் பிராம்ப்ட்டையோ அழைத்து நீளமான, புரியாத எழுத்துக் குவியலை ஓட்டுகிற பணியும், உங்கள் பயனர் கோப்புறையின் ஆப்டேட்டா அல்லது டெம்ப் பகுதியில் உள்ள கோப்பை ஓட்டுகிற பணியும் சந்தேகத்துக்குரியவை. உடனே அழிக்காதீர்கள். 'டிஸேபிள்' செய்துவிட்டு இரண்டு நாள் பாருங்கள். 2022-இல் பரவிய குரோம்லோடர் என்ற ஆட்வேர் இந்த வழியில்தான் உயிரோடு இருந்தது. திருட்டு கேம், இலவசப் படம் என்ற பெயரில் ஐஎஸ்ஓ (டிஸ்க்கின் பிரதி) கோப்பாக இறங்கி, டாஸ்க் ஷெட்யூலரில் ஒரு பணியைப் போட்டு, பவர்ஷெல் மூலம் எக்ஸ்டென்ஷனை ஏற்றியது. எக்ஸ்டென்ஷன்ஸ் பக்கத்தைத் திறக்கப் போனால் செட்டிங்ஸ் பக்கத்துக்குத் திருப்பிவிட்டது.

நான்காவது, ஷார்ட்கட். டெஸ்க்டாப்பிலும் டாஸ்க்பாரிலும் உள்ள பிரவுசர் ஐகான்களின் பிராப்பர்டீஸைத் திறந்து 'டார்கெட்' பெட்டியைப் பாருங்கள். பொதுவாக பிரவுசரின் இஎக்ஸ்இ கோப்புப் பெயரோடு, மூடும் மேற்கோள் குறியோடு அது முடியும். அதற்குப் பின்னால் ஓர் இணைய முகவரியோ, எக்ஸ்டென்ஷனை ஏற்றச் சொல்லும் கட்டளையோ ஒட்டிக்கொண்டிருந்தால் அந்த ஷார்ட்கட்டைத் தூக்கிவிட்டுப் புதிதாக ஒன்று போடுங்கள்.

இப்போது அந்த 'நிறுவனத்துக்கு' வருவோம். குரோம் முகவரிப் பட்டையில் ஆங்கிலத்தில் குரோம் என்று அடித்து, ஒரு கோலன், இரண்டு சாய்கோடுகள், பிறகு பாலிசி என்று அடியுங்கள். எந்தெந்த பாலிசிகள் நடப்பில் உள்ளன என்று காட்டும். 'எக்ஸ்டென்ஷன் இன்ஸ்டால் ஃபோர்ஸ்லிஸ்ட்' என்று ஒன்று இருந்தால் அதன் மதிப்பில் 32 எழுத்துள்ள ஒரு குறியீடு இருக்கும். எக்ஸ்டென்ஷன்ஸ் பக்கத்தில் 'டெவலப்பர் மோட்' போட்டால் ஒவ்வொன்றின் குறியீடும் தெரியும். இரண்டும் பொருந்தினால் ஆள் அகப்பட்டான்.

அதை எடுக்க, விண்டோஸின் உள் அமைப்புகளைத் திருத்தும் ரெஜிஸ்ட்ரி எடிட்டரைத் திறக்க வேண்டும். 'லோக்கல் மெஷின்' கிளையில் சாஃப்ட்வேர், பாலிசீஸ், கூகுள், குரோம் என்று இறங்குங்கள். எட்ஜ் என்றால் பாலிசீஸின் கீழ் மைக்ரோசாஃப்ட், எட்ஜ். 'கரன்ட் யூசர்' கிளையிலும் இதே பாதையைப் பாருங்கள். கை வைப்பதற்கு முன் அந்தக் கோப்புறை மீது ரைட் கிளிக் செய்து 'எக்ஸ்போர்ட்' கொடுத்து ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். பிறகு குரோம் என்ற அந்தக் கிளையை மட்டும் அழியுங்கள். கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்ததும் பாலிசி திரும்ப வந்தால், விண்டோஸ் கோப்புறையில் சிஸ்டம்32-க்குள் இருக்கும் குரூப்பாலிசி கோப்புறையில் அது எழுதப்பட்டிருக்கலாம். வீட்டுக் கம்ப்யூட்டரில் அந்தக் கோப்புறையை வேறிடத்துக்கு நகர்த்திவிட்டு ரீஸ்டார்ட் செய்யலாம். அலுவலகம் கொடுத்த லேப்டாப்பில் இந்த வேலையே வேண்டாம், அங்கே பாலிசி இருப்பது இயல்பு. சில ஆன்டிவைரஸ்களும் பிள்ளைகளுக்கான கட்டுப்பாட்டு மென்பொருள்களும்கூட பாலிசி போடும். அந்த வாசகம் தெரிவதாலேயே ஆட்வேர் என்று முடிவு கட்டிவிட வேண்டாம்.

இவ்வளவுக்கும் பிறகுதான் எக்ஸ்டென்ஷனை நீக்க வேண்டும். கடைசியாக செட்டிங்ஸில் 'ரீசெட்' கொடுங்கள். புக்மார்க்கும் சேமித்த பாஸ்வேர்டும் போகாது. எக்ஸ்டென்ஷன்கள் அணைக்கப்படும், குக்கீகள் அழியும். எல்லாத் தளங்களிலும் மறுபடி லாகின் செய்ய வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

கேள்வி: ஆட்வேரை நீக்க எந்த மென்பொருள் நல்லது? இலவசமாகக் கிடைக்குமா?

விண்டோஸ் 10, 11-இல் மைக்ரோசாஃப்டின் ஆன்டிவைரஸான டிஃபெண்டர் ஏற்கெனவே இருக்கிறது. விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்து ஆப் அண்ட் பிரவுசர் கன்ட்ரோல், ரெப்யூட்டேஷன் பேஸ்டு புரொடெக்‌ஷன் செட்டிங்ஸ் என்று போய், 'பொட்டென்ஷியலி அன்வான்டட் ஆப் பிளாக்கிங்' போட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஆட்வேரில் பெரும்பகுதி சட்டப்படி வைரஸ் இல்லை. நீங்களே 'சம்மதம்' அழுத்தி நிறுவியவை என்பதால் பல ஆன்டிவைரஸ்கள் தயங்கும். அந்தத் தயக்கத்தைப் போக்குவது இந்தப் பொத்தான்.

அதற்கு மேல் வேண்டுமென்றால் ஆட்வ்கிளீனர். 2016 முதல் மால்வேர்பைட்ஸ் நிறுவனத்திடம் உள்ள இலவசக் கருவி இது. நிறுவத் தேவையில்லை. இறக்கி, ஓட்டி, ஸ்கேன் செய்து, அகப்பட்டதை குவாரன்டைனுக்கு அனுப்பினால் ரீஸ்டார்ட் கேட்கும். பிரவுசரை மூடிவிட்டு ஓட்டுங்கள். 'பிரீஇன்ஸ்டால்டு' என்று தனியாகக் காட்டுபவை லேப்டாப் தயாரிப்பாளர் போட்டவை, கட்டாயம் நீக்க வேண்டியவை அல்ல. மால்வேர்பைட்ஸின் முக்கிய மென்பொருளுக்கு 14 நாள் கட்டணச் சேவை சோதனையாகக் கிடைக்கும். அது முடிந்தபின் நீங்களாக அழுத்தினால் மட்டும் ஸ்கேன் செய்யும். வீட்டுக்கு அதுவே போதும்.

எப்போதும் காவல் காக்கிற ஆன்டிவைரஸ் இரண்டை ஒரே கம்ப்யூட்டரில் வைக்காதீர்கள். ஒன்றன் கோப்பை மற்றது பிடித்துக்கொண்டு கம்ப்யூட்டர் தவழும். 'ரெஜிஸ்ட்ரி கிளீனர்', 'டிரைவர் அப்டேட்டர்', 'பிசி ஸ்பீடு பூஸ்டர்' வகையறா உங்களுக்குத் தேவையே இல்லை. அவற்றில் பல, நூற்றுக்கணக்கில் 'பிழைகள்' காட்டிப் பணம் கேட்கிற அதே கூட்டம்.

கேள்வி: என் லேப்டாப், மனைவியின் லேப்டாப், டேப்லெட் மூன்றிலும் ஒரே மாதிரி விளம்பரம். ஒவ்வொன்றையும் சுத்தம் செய்தும் பயனில்லை.

ரூட்டரைப் பாருங்கள். சோதிக்க எளிய வழி: லேப்டாப்பை வைஃபையிலிருந்து கழற்றி மொபைல் ஹாட்ஸ்பாட்டில் இணையுங்கள். விளம்பரம் நின்றுவிட்டால் குற்றவாளி ரூட்டர். தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ் சர்வரை யாரோ மாற்றியிருக்கிறார்கள். உலகம் முழுவதும் சுமார் 40 லட்சம் கம்ப்யூட்டர்களில் டிஎன்எஸ்சேஞ்சர் என்ற மால்வேர் (கெடுதல் செய்யும் மென்பொருள்) இந்த வேலையைச் செய்து விளம்பர வருமானம் பார்த்தது. 2011 நவம்பரில் அமெரிக்காவின் எஃப்பிஐ அதை முடக்கியது.

ரூட்டரின் நிர்வாகப் பக்கம் பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1 என்ற முகவரியில் இருக்கும். வான் (வெளி இணைய இணைப்பு) பகுதியிலும் டிஹெச்சிபி (வீட்டுக் கருவிகளுக்கு முகவரி தருவது) பகுதியிலும் டிஎன்எஸ் என்ன என்று பாருங்கள். தெரியாத எண் இருந்தால் 'ஆட்டோமேட்டிக்' ஆக்குங்கள், அல்லது பொது டிஎன்எஸ் சர்வர்களான 1.1.1.1, 8.8.8.8, 9.9.9.9 இவற்றில் ஒன்றைக் கொடுங்கள். மாற்றிவிட்டு அப்படியே விட்டால் மறுபடி மாற்றுவார்கள். அட்மின் பாஸ்வேர்டை மாற்றுங்கள், வெளியிலிருந்து ரூட்டரை நிர்வகிக்க விடும் ரிமோட் மேனேஜ்மென்ட்டை அணையுங்கள், ஃபர்ம்வேர் (ரூட்டருக்குள் இருக்கும் மென்பொருள்) அப்டேட் இருந்தால் போடுங்கள்.

ஒரே ஒரு கம்ப்யூட்டரில் மட்டும் எல்லா பிரவுசர்களிலும் வருகிறதென்றால் ரூட்டரை விட்டுவிட்டு, விண்டோஸ் செட்டிங்ஸில் நெட்வொர்க், ப்ராக்ஸி பகுதிக்குப் போங்கள். நீங்கள் போடாத ப்ராக்ஸி (இணையத்துக்கும் உங்களுக்கும் நடுவில் நிற்கும் சர்வர்) முகவரியோ செட்டப் ஸ்கிரிப்டோ இருந்தால் அணைத்துவிடுங்கள்.

கேள்வி: திடீரென்று திரை முழுக்க நீல நிறப் பக்கம், அலாரம் ஒலி, 'கம்ப்யூட்டர் பூட்டப்பட்டது, இந்த எண்ணை அழையுங்கள்'. மவுஸ் நகரவில்லை. என்ன செய்வது?

அழைக்காதீர்கள். அது முழுத்திரையில் திறந்த சாதாரண இணையப் பக்கம். மைக்ரோசாஃப்டின் எச்சரிக்கைச் செய்தி எதிலும் தொலைபேசி எண் இருக்காது. எஸ்கேப் கீயைச் சில விநாடி அழுத்திப் பிடியுங்கள், அல்லது எஃப்11. மசியவில்லையென்றால் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி, டாஸ்க் மேனேஜரில் பிரவுசரைத் தேர்ந்தெடுத்து 'எண்ட் டாஸ்க்' கொடுங்கள். மறுபடி திறக்கும்போது 'பழைய பக்கங்களை மீட்கவா' என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

ஏற்கெனவே அழைத்து, அவர்கள் சொன்ன ரிமோட் மென்பொருளையும் (தூரத்திலிருந்து உங்கள் கம்ப்யூட்டரை இயக்க விடுவது) நிறுவிவிட்டீர்கள் என்றால் இது ஆட்வேர் விஷயம் இல்லை, மோசடி. இணையத்தைத் துண்டித்து, அந்த மென்பொருளை நீக்கி, வேறொரு கருவியிலிருந்து மெயில், வங்கி பாஸ்வேர்டுகளை மாற்றுங்கள். வங்கிக்கும் உடனே தெரிவியுங்கள்.

கேள்வி: ஒரு வீடியோ பிளேயரை மட்டும்தான் இறக்கினேன். கூடவே நான்கு புரோகிராம்கள் வந்துவிட்டன. எங்கே தவறு?

இறக்கிய இடத்தில். தேடுபொறியில் மென்பொருளின் பெயரைத் தேடினால் மேலே முதலில் நிற்பது பல நேரம் 'ஸ்பான்சர்டு' முடிவு, அதாவது காசு கொடுத்து அந்த இடத்தை வாங்கிய தளம். அச்சு அசலாக அதே லோகோ, அதே நிறம் இருக்கும். விஎல்சி வீடியோ பிளேயர் என்றால் தயாரிப்பாளரின் தளம் வீடியோலான் டாட் ஆர்க். இப்படி முகவரியைத் தெரிந்துகொண்டு நேராகப் போங்கள். இன்னும் எளிது, மென்பொருள்களைத் தேடி நிறுவ விண்டோஸிலேயே உள்ள விங்கெட். கமாண்ட் பிராம்ப்ட்டில் விங்கெட் சர்ச் என்று அடித்துப் பெயரைக் கொடுத்தால் பட்டியல் வரும், விங்கெட் இன்ஸ்டால் என்று அடித்து அதன் ஐடியைக் கொடுத்தால் நிறுவிவிடும். நடுவில் டவுன்லோட் பட்டன் வேஷத்தில் விளம்பரங்கள் நிற்க இடமே இல்லை.

இறக்கிய கோப்பு சரியானதா என்று பார்க்க: ரைட் கிளிக், பிராப்பர்டீஸ், 'டிஜிட்டல் சிக்னேச்சர்ஸ்' தாவல். தயாரிப்பாளர் பெயர் அங்கே இருக்க வேண்டும். பெயர் வேறாக இருந்தால் அழித்துவிடுங்கள். தாவலே இல்லையென்றால் மட்டும் பதற வேண்டாம், கையொப்பம் இடாத நல்ல இலவச மென்பொருள்களும் உண்டு. அப்போது வைரஸ்டோட்டல் தளத்தில் கோப்பை ஏற்றிப் பாருங்கள். பல நிறுவனங்களின் ஸ்கேனர்கள் ஒரே நேரத்தில் சோதிக்கும். அங்கே ஏற்றுவதை மற்ற ஆய்வாளர்களும் பார்க்க முடியும் என்பதால் சொந்த ஆவணங்களை ஏற்றாதீர்கள்.

நிறுவும்போது 'எக்ஸ்பிரஸ்', 'ரெகமெண்டட்' என்று பளிச்சென்று தெரிவதை விட்டு 'கஸ்டம்' அல்லது 'அட்வான்ஸ்டு' தேர்ந்தெடுங்கள். கூடுதல் சரக்குக்கான டிக் அங்கேதான் ஒளிந்திருக்கும். 'டிக்ளைன்' பட்டனைச் சாம்பல் நிறத்தில் போட்டு, அழுத்த முடியாததுபோல் காட்டுவார்கள். அழுத்திப் பாருங்கள், வேலை செய்யும்.

பாஸ்வேர்டு போட்ட ஜிப் கோப்பு, பாஸ்வேர்டை அதே பக்கத்தில் எழுதி வைத்திருப்பது, 'நிறுவும் முன் ஆன்டிவைரஸை அணையுங்கள்' என்ற குறிப்பு மூன்றும் சேர்ந்து வந்தால் தொடவே வேண்டாம். பாஸ்வேர்டு போடுவதே ஆன்டிவைரஸ் உள்ளே பார்க்கக் கூடாது என்பதற்காக. கிராக் செய்த மென்பொருள்களோடு விளம்பரம் மட்டும் வந்தால் அதிர்ஷ்டம், சேமித்த பாஸ்வேர்டுகளைத் திருடுகிறவைகளும் அதே பொட்டலத்தில்தான் வருகின்றன.

கேள்வி: பல வருடமாகப் பயன்படுத்தும் எக்ஸ்டென்ஷன், ஸ்டோரில் நல்ல மதிப்பெண் உள்ளது. அதுவே விளம்பரம் காட்டுமா?

காட்டும். எக்ஸ்டென்ஷனை எழுதியவர் அதை விற்றுவிட்டால் வாங்கியவரின் புதிய பதிப்பு உங்களைக் கேட்காமலே இறங்கும். தி கிரேட் சஸ்பெண்டர் என்ற பிரபலமான எக்ஸ்டென்ஷன் 2020-இல் கைமாறியது. 2021 பிப்ரவரியில் மால்வேர் என்று சொல்லி கூகுள் அதை நீக்கியது. விளம்பரத்துக்குக் காரணம் எது என்று கண்டுபிடிக்க எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஒவ்வொன்றாகப் போடுங்கள். ஃபயர்ஃபாக்ஸில் 'டிரபிள்ஷூட் மோட்' எல்லா எக்ஸ்டென்ஷன்களையும் ஒரேயடியாக அணைத்துவிடும். வண்ணம் மாற்றுகிற ஓர் எக்ஸ்டென்ஷன் 'எல்லாத் தளங்களின் தரவையும் படிக்க, மாற்ற' அனுமதி வைத்திருந்தால் அதை நான் வைத்துக்கொள்ள மாட்டேன்.

கேள்வி: மேக்கில் ஆட்வேர் வராது என்கிறார்களே?

வருகிறது. போலி ஃபிளாஷ் பிளேயர் அப்டேட் வேஷத்தில் பரவிய ஷ்லேயர் என்ற மால்வேர் மேக்கைக் குறிவைத்ததுதான். 2020-இல் அதன் ஒரு வகை மென்பொருள்களைப் பார்த்துச் சான்று தரும் ஆப்பிளின் நோட்டரைசேஷன் சோதனையைக்கூடத் தாண்டிவிட்டது. ஃபிளாஷ் பிளேயர் 2020 டிசம்பர் 31-உடன் முடிந்துபோன மென்பொருள். இன்று அதற்கு 'அப்டேட்' கேட்கும் எதுவும் போலி. மேக்கில் சிஸ்டம் செட்டிங்ஸ், ஜெனரல், டிவைஸ் மேனேஜ்மென்ட் பகுதியில் நீங்கள் போடாத புரொஃபைல் இருந்தால் நீக்குங்கள். விண்டோஸில் பாலிசி செய்கிற வேலையை இங்கே அது செய்கிறது. தானாக ஓடும் புரோகிராம்களின் குறிப்புகள் இருக்கிற, லைப்ரரி கோப்புறைக்குள் உள்ள லாஞ்ச்ஏஜென்ட்ஸ், லாஞ்ச்டீமன்ஸ் கோப்புறைகளையும் பாருங்கள்.

கேள்வி: இவ்வளவும் செய்து நேரத்தை வீணாக்குவதைவிட ஃபார்மட் அடித்துவிடலாமே?

நோட்டிஃபிகேஷன் தொல்லைக்கும் சாதாரண எக்ஸ்டென்ஷனுக்கும் ஃபார்மட் தேவையில்லை. ஃபார்மட் அடித்தாலும், சிங்க் ஆன் செய்ததும் அந்த எக்ஸ்டென்ஷனே திரும்ப வந்து நிற்கும். ஆனால் ஆன்டிவைரஸ் தானாக அணைந்துபோகிறது, டிஃபெண்டரின் ஆஃப்லைன் ஸ்கேனுக்குப் (விண்டோஸ் தொடங்கும் முன்பே ஓடுவது) பிறகும் அதே கோப்பு திரும்ப முளைக்கிறது, கிராக் மென்பொருள் ஓட்டிய பிறகு யாரோ உங்கள் கணக்குகளில் நுழைகிறார்கள் என்றால் யோசிக்க வேண்டாம். ஆவணம், படம், புக்மார்க்குகளை மட்டும் வெளி டிஸ்க்குக்கு எடுங்கள். இஎக்ஸ்இ கோப்புகளை எடுக்காதீர்கள். செட்டிங்ஸில் 'ரீசெட் திஸ் பிசி', 'ரிமூவ் எவ்ரிதிங்', 'கிளவுட் டவுன்லோட்' என்று கொடுங்கள். சுமார் 4 ஜிபி இறங்கும். பாஸ்வேர்டுகளை மாற்றுவது அதன் பிறகு, புதிய விண்டோஸில். பழையதிலிருந்தே மாற்றினால் புதிய பாஸ்வேர்டும் அவர்களுக்கே போகும்.